பதினொரு வருடத்துக்கு ஒரு சான்று

ஐந்தாவது தடவையாகக் கேட்டபோதும் ஹெக்டர் "நாளைக்கு" என்றுதான் சொன்னார்.

"நாளைக்குக் கட்டாயம் தாறன் லெட்சுமி. டைப் பண்ற பிள்ளை லீவு."

"நாலு நாளுதான் இருக்கு சேர்."

"தெரியும், தெரியும்" என்றபடி அவர் பேப்பரை விரித்தார்.

பாக்கியலெட்சுமி மருந்துத் தட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மஸ்கட்டில் மருந்தாளராக வேலை செய்ய அனுமதி கேட்பதற்கு ஆறு பத்திரங்கள் வேண்டும். ஐந்து அவளிடம் இருந்தன. அவற்றுக்கும் ஆயுள் கொஞ்சம்தான். பொலிஸ் ரிப்போர்ட்டுக்காக ஏழு மாதம் அலைந்தாள். அது கைக்கு வருவதற்குள், மருத்துவச் சபையில் வாங்கிவைத்த நன்னடத்தைக் கடிதம் காலாவதியாகிவிட்டது. மறுபடியும் போய், மறுபடியும் வரிசையில் நின்று, இரண்டாவது கடிதம் எடுத்தாள். அதுவும் நவம்பர் முதல் வாரம் வரைதான் செல்லும். மஸ்கட்டிலிருந்து சுகாதார அமைச்சின் ஆட்கள் நவம்பர் நடுவில் கொழும்புக்கு வந்து நேர்முகப் பரீட்சை வைக்கப்போகிறார்கள். ஒக்டோபர் முப்பதுக்குள் பைல் முழுதாக வெளிநாட்டு வேலை முகவரின் கையில் இருக்கவேண்டும். இன்று இருபத்தாறு. ஆறாவது பத்திரம் ஹெக்டர் எழுதவேண்டிய வேலைச் சான்று.

ஹெக்டர் கொட்டாஞ்சேனைக்காரர். வெள்ளவத்தை காலி வீதியிலிருந்த இந்தப் பாமசி அவருடைய அப்பாவினுடையது. அப்பா படித்த மருந்தாளர், ஹெக்டர் படிக்கவில்லை. அப்பா இறந்தபின், தலவாக்கலைத் தோட்டத்திலிருந்து வந்து கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமி, இரண்டாவது முயற்சியில் பரீட்சை பாஸ் பண்ணினாள். அன்றிலிருந்து கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குவது அவளுடைய சான்றிதழ். பதிவு செய்த மருந்தாளர் ஒருவர் இல்லாமல் பாமசி திறக்க முடியாது. அவள் போனால் அன்றைக்கே கடையைப் பூட்டவேண்டும். இதை இரண்டு பேரும் அறிவார்கள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளால் கோபப்படவும் முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த கிழமை, அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி இருக்கிறது, வெள்ளவத்தையில் என்ன வேலை என்று கேட்டு அவளைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஹெக்டர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, பொறுப்பதிகாரியோடு சிங்களத்தில் சிரித்துக் கதைத்து அவளை மீட்டுக்கொண்டு போனார். போன வருடமும் அப்படியே. இந்தச் சித்திரையில் அவளுடைய புருஷன் பழனிமுத்துவை, புறக்கோட்டையில் அவன் கணக்கெழுதும் மொத்தக் கடையிலிருந்து பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்தபோதும், சாப்பாட்டுப் பார்சலோடு வாசலில் நின்றவர் ஹெக்டர்தான்.

பழனிமுத்து திரும்பி வந்தான். ஆனால் வந்தவன் ஒரு இடத்தில் இருக்கமாட்டான். சாப்பிடும்போது எழுந்து போய் கேற்றைப் பார்ப்பான். ஒரு நாள் பஸ்ஸில் வருவான், ஒரு நாள் ரயிலில் தெஹிவளை வரை போய் நடந்து திரும்பி வருவான். அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஜீப் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். ஜீப் போனபிறகுதான் கைக்கு ஞாபகம் வரும்.

அன்று பதினொரு மணி இருக்கும். எதிர்ப்பக்க லொட்ஜின் முன்னால் இரண்டு ஜீப்புகள் நின்றன. லொட்ஜ் படிகளில் சிப்பாய்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கையில் அடையாள அட்டையைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். பாக்கியலெட்சுமி ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொண்டே வைத்தியர் எழுதிய துண்டைப் பார்த்து மருந்து எடுத்தாள், எண்ணினாள், கடதாசி உறையில் போட்டாள், எழுதினாள், கொடுத்தாள். வாங்கியவர் யோசெப்பின் என்ற வயதான அம்மா. இதய வால்வு ஒப்பரேஷன் செய்தவர். மாதம் ஒரு முறை வருவார். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

கவுண்டரில் வேலை செய்யும் ஹமீமா மேசையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் நின்றாள். மாளிகாவத்தைப் பிள்ளை, கண்ணில் ஒன்றும் தப்பாது.

"அக்கா, அந்த உம்மாக்கு வோபரின் எந்தப் போத்தல்ல எடுத்தீங்க? ஒரு மில்லிகிராம் போத்தல் இன்னும் சீல் ஒடைக்காம ஈக்குதே."

மேசையில் திறந்தபடி இருந்தது ஐந்து மில்லிகிராம் போத்தல்.

இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளிசை அது. துண்டில் இருந்தது ஒரு மில்லிகிராம், தினம் மூன்று. ஐந்து மில்லிகிராமில் தினம் மூன்று விழுங்கினால் ஒரு கிழமைக்குள் உள்ளே எங்காவது இரத்தம் கசியத் தொடங்கும், நிற்காது.

"போன் நம்பர் இருக்கா பாரு!" என்று பாக்கியலெட்சுமி கத்தினாள். துண்டை யோசெப்பினே கொண்டுபோய்விட்டார் என்று பதில் வருமுன்பே அவள் சரியான போத்தலைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கியிருந்தாள்.

காலி வீதியில் யாரும் ஓடுவதில்லை. அதிலும் லொட்ஜைச் சுற்றிவளைத்திருக்கும்போது, கையில் எதையோ பிடித்துக்கொண்டு, ஒரு தமிழ்ப் பெண் ஓடுவதில்லை. அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பஸ் நிற்பதும் யோசெப்பின் படியில் கால் வைப்பதும் தெரிந்தது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஹிட்டப்பங்!"

நில் என்ற அந்தச் சத்தத்தோடு துப்பாக்கி லோட் பண்ணும் சத்தமும் கேட்டது. அவள் நின்றாள். நூறாம் நம்பர் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு தெஹிவளைப் பக்கம் போனது.

"வெரதி பெஹெத், மாத்தயா, வெரதி பெஹெத் துன்னா" என்றாள். பிழையான மருந்து கொடுத்துவிட்டேன், பிழையான மருந்து. சிப்பாய்க்கு இருபது வயதுகூட இராது. போத்தலை நிலத்தில் வைக்கச் சொன்னான். வைத்தாள். பின்னால் போகச் சொன்னான். போனாள். அவன் போத்தலின் பக்கத்தில் வரவே பயந்தான். பஸ் இப்போது எந்தத் தரிப்பில் நிற்கும் என்று அவள் மனம் ஒவ்வொரு தரிப்பாக எண்ணிக்கொண்டே போனது.

ஹெக்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வேர்வையில் சேட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. இந்த முறை அவர் சிரித்துக் கதைக்கவில்லை. இரண்டு கையையும் உயர்த்தியபடிதான் வந்தார். கதைத்து, கெஞ்சி, கடையைக் காட்டி, சிப்பாயின் பெரியவர் வந்து போத்தலைத் திறந்து மணந்து பார்த்து, "போங்கள்" என்று சொல்ல இருபது நிமிடம் ஆனது.

"ஆள் எங்க இருக்கிறா?" என்று கேட்டார் ஹெக்டர்.

"தெஹிவளை பிளட்ஸ். சேர்ச்சுக்குப் பின்னால. எத்தனாம் மாடின்னு தெரியாது."

ஹெக்டரின் பழைய காரில் போனார்கள். மூன்று மாடி ஏறி, நான்கு கதவைத் தட்டினார்கள். ஐந்தாவது கதவை யோசெப்பினே திறந்தார். மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீரும், பிரித்த உறையும், அதன்மேல் மூன்று குளிசைகளும் இருந்தன.

"சோறு தின்ன முந்திப் போடுறனா, தின்ன பிறகு போடுறனா எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார் யோசெப்பின். "வழக்கமா கபில நிறம். இது ரோஸ் நிறம். புதுக் கொம்பனியாக்கும் எண்டு நினைச்சன்."

பாக்கியலெட்சுமி குளிசைகளை எண்ணி எடுத்தாள். ஒன்றும் குறையவில்லை. பிறகு கதிரையில் இருக்கச் சொல்லாமலே இருந்துவிட்டாள்.

"நான்தாம்மா பிழையா குடுத்தது. என்னய மன்னிச்சிருங்க."

யோசெப்பின் அவளையும் ஹெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "குடிச்சிருந்தா?" என்று கேட்டார்.

"செத்துப்போயிருப்பீங்க" என்றாள் பாக்கியலெட்சுமி.

ஹெக்டர் முகத்தைச் சுழித்தார். யோசெப்பின் மேசையிலிருந்த கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாக, "சரி. சொன்னீங்களே" என்றார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. கதவு வரை வந்து அவர்களை அனுப்பினார்.

திரும்பி வரும்போது ஹெக்டர் காரைக் கடற்கரைப் பக்கத்துக்குத் திருப்பி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். இப்போது ஓட்ட முடியாது என்றார்.

"அவன் சுட்டிருப்பான் லெட்சுமி. உனக்கு விசரா? ஒரு சின்னப் பிள்ளை இருக்கு உனக்கு."

"தெரியும் சேர்."

"பதினொரு வருஷம். ஒரு பிழை விட்டதில்ல. இண்டைக்கு என்ன நடந்தது?"

"ஜீப்பப் பாத்துக்கிட்டு இருந்தேன். லொட்ஜில இருந்து எறக்குனவங்கள்ல யாராச்சும் தெரிஞ்ச ஆளான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு அங்க, கை இங்க." அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இன்னிக்கி அந்தம்மா. ஹமீமா பாக்கலன்னா? இங்கயே இருந்தா நான் யாரையாச்சும் கொன்னுருவேன் சேர். அதான் போகணும்னு சொல்றேன். சம்பளத்துக்கு இல்ல."

"மஸ்கட்ல மட்டும் மனசு நிக்குமா?"

"அது தெரியாது."

ஒரு ரயில் வந்து போனது.

"கடிதம் எழுதிட்டன்" என்றார் ஹெக்டர். "ஓகஸ்டிலேயே எழுதி, சைனும் வச்சு, மேசை லாச்சியில வச்சிருக்கிறன். டைப் பண்ற பிள்ளைக்கு லீவும் இல்ல, ஒண்டும் இல்ல."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதமாக, கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து, அந்த லாச்சியைத் திறந்து மூடி, நாளைக்கு என்று சொன்ன மனிதர்.

"ஏன் சேர்?"

"ஏன் எண்டு உனக்குத் தெரியாதா? நீ போனா நான் கடைய மூடணும். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?" அவர் குரல் உயர்ந்தது. "பொலிசுக்கு நான் வரேல்லையா? உன்ட மனுசனுக்கு நான் வரேல்லையா?"

"வந்தீங்க. அதுக்காகத்தான் இத்தன நாள் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். அதுக்குப் பதிலா என்னயக் கட்டி வைக்க ஏலாது."

ஹெக்டர் காரைக் கிளப்பினார்.

கடையில், பெரிய லாச்சியிலிருந்து கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். அவள் நின்றபடியே வாசித்தாள். ஆங்கிலத்தில் நல்ல கடிதம். வேலைக்குச் சேர்ந்த திகதி, பொறுப்புகள், நேரம் தவறாமை எல்லாம் இருந்தன. கடைசிப் பந்தியில், மருந்து வழங்குவதில் ஒரு தவறும் செய்யாதவர் என்று எழுதியிருந்தார்.

"திகதிய மாத்தணும் சேர்."

"மாத்துவம்."

"இந்த வரியையும் எடுத்துருங்க."

ஹெக்டருக்கு விளங்கவில்லை. "அது எழுதும்போது உண்மைதானே?"

"இன்னிக்கி உண்மை இல்ல. இன்னிக்கித் திகதி போட்டுட்டு இத எழுதக்கூடாது."

"அக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் பின்னால் நின்ற ஹமீமா.

"எனக்குத் தெரியும்ல."

பிழைகள் எழுதி வைக்கும் கொப்பி ஒன்று கடையில் இருக்கவேண்டும் என்பது சட்டமில்லை. ஹெக்டரின் அப்பா வைத்திருந்த பழக்கம் என்பதால் ஒன்று கிடந்தது. அவள் அதில் மருந்தின் பெயர், நேரம், நடந்தது, மீட்டது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று பின்னேரம் ஹெக்டர் தானே மூலையிலிருந்த தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருந்து, இரண்டு விரலால், அந்த வரி இல்லாமல் கடிதத்தை அடித்தார். மூன்று தாள் பழுதானது. நான்காவதை அவள் முகவரிடம் இருபத்தொன்பதாம் திகதி கொடுத்தாள்.

நேர்முகப் பரீட்சை கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பதினாறு பேர் வந்திருந்தார்கள். மூன்று பரீட்சகர்கள் அவளிடம் இருபது நிமிடம் கேள்வி கேட்டார்கள். இரண்டு கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றாள். பின்னேரம் ஐந்து பேரின் பெயரை வாசித்தார்கள். அவள் பெயர் நான்காவது. ஒரு வருடத்துக்குத் தற்காலிக அனுமதி. அங்கே போய் ஆறு மாதத்துக்குள் எழுத்துப் பரீட்சையும் பாஸ் பண்ணவேண்டும். அதுவரை குடும்பத்தைக் கூப்பிட முடியாது. எல்லாவற்றையும் கடதாசியில் தந்தார்கள்.

ஹெக்டருக்குக் கொட்டாஞ்சேனையிலேயே ஓய்வு பெற்ற ஒரு மருந்தாளர் கிடைத்தார். கிழமையில் மூன்று நாள்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். மற்ற நாளில் கடை பூட்டுத்தான். "பாதி உயிர்" என்று ஹெக்டர் ஹமீமாவிடம் சொன்னாராம். பாக்கியலெட்சுமியிடம் அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஹோட்டலில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று, பழனிமுத்து கேற்றடியிலேயே நின்றான்.

"என்னா ஆச்சு?"

"பாஸு."

அவன் முகம் மலர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக யோசனைக்குப் போனது. "எப்ப போகணும்?"

"தை கடைசியில. ஆறு மாசத்துக்கு நான் மட்டும்தான்."

அவன் கேற்றைப் பிடித்தபடி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு உள்ளே போய், மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, சீப்பை எடுத்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு முடி இடுப்பு வரை இருந்தது.

"இத எப்படிப் பிரிக்கிறது? காட்டு" என்றான். "பள்ளிக்கூடத்துக்கு ரெட்டப் பின்னல் கட்டணும்ல."

அவள் சேலைகூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, முடியை மூன்றாகப் பிரித்து அவன் விரல்களில் கொடுத்தாள். முதல் பின்னல் காதுக்கு மேலேயே கோணிக்கொண்டது. பிள்ளை "ஆவ்" என்றது. பாக்கியலெட்சுமி அதை அவிழ்த்துவிட்டு, மறுபடியும் பின்னச் சொன்னாள்.