ஒரு புண்ணியத்துக்கு ஒரு வைக்கோல்

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பங்குச்சாமி ஒரு திட்டத்தை அறிவித்தார். பீடத்துக்கு முன்னால் ஒரு மரத் தீவனத்தொட்டி காலியாக இருக்கும். பக்கத்தில் ஒரு கூடை வைக்கோல். யாருக்காவது ஒரு நல்லது செய்தவர்கள் ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போடலாம். கிறிஸ்துமஸ் காலையில் குழந்தை இயேசு மெத்தென்று படுக்க வேண்டுமாம். இளவயசுச் சாமியார், நல்ல மனசு. தன் பங்கு மக்களைப் பற்றித்தான் அவருக்கு ஒன்றும் தெரியாது.

புண்ணியம் செய்ய ஆள் வேண்டுமே! அந்தத் தெருவில் எல்லாரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். அகப்பட்டவள் கண்டக்டரம்மா ஒருத்திதான். காலமெல்லாம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது காலில் மாவுக்கட்டு. குடியிருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பிள்ளை குட்டி இல்லை, புருஷனும் போன கோடையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நகர்ந்து தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். அதை யார் கேட்டார்கள்?

காலையில் ஒரு சூப் வரும். அது ஆறுவதற்குள் இன்னொரு சூப் வரும். சீவின தலையை மறுபடி சீவிவிட்டார்கள். துடைத்த தரையை மறுபடி துடைத்து, இருக்கிற ஒரு காலும் வழுக்கும்படி வைத்துவிட்டுப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் வந்து, காற்றோட்டம் வேண்டும் என்று கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். மாலையில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் வந்தார். எலும்பு முறிவுக்குக் குளிர்காற்று ஆகவே ஆகாது என்று சுவரோரம் தள்ளிவிட்டார். மறுநாள் மருந்துக்கடைக்காரர் மறுபடி இழுத்தார். கட்டில் இப்படிப் போய்வந்ததில் இரண்டு பேருக்கும் வைக்கோல் சேர்ந்தது. கண்டக்டரம்மாவுக்கு முதுகுவலி சேர்ந்தது.

பாடகர் குழுத் தலைவி ஒருநாள் ஜன்னலில் இருந்த பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அது பிளாஸ்டிக் செடி.

"ஊத்தும்மா, நல்லா ஊத்து. கிறிஸ்துமஸுக்குள்ள காய்ச்சிடும்" என்றாள் கண்டக்டரம்மா.

அந்த அம்மாள் சிரித்தபடி இன்னும் அரைச் செம்பு ஊற்றிவிட்டு, விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தாள். ஜன்னலில் இருந்து பார்த்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் கோயில் வாசல் தெரியும். இறங்கியவர்கள் ஒருவர்கூட வீட்டுக்குத் திரும்பாமல் நேரே உள்ளே நுழைவதைக் கண்டக்டரம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் ஏய்க்கிறவர்களைப் பார்த்த கண் அது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் போக வேண்டும். பூசை முடிந்ததும் வரிசையில் போய்க் குழந்தை இயேசு சுரூபத்தின் பாதத்தில் முத்தம் வைத்து முத்தி செய்ய வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து அவளும் புருஷனும் சேர்ந்தே செய்தது அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவர், "இந்த வாட்டி என் பங்கையும் நீயே சேர்த்துக் குடுத்துடு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது சாதாரணமாக இல்லை. அதை நினைக்காத நாள் இல்லை.

அதனால் வந்தவர்களிடம் எல்லாம் கேட்டாள்.

"எனக்கு சூப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். கிறிஸ்துமஸ் அன்னிக்கு என்னைக் கீழ இறக்கி விடுங்க, போதும்."

"அதுக்கென்னக்கா, நாங்க நாலு பேர் இருக்கோமே!" என்றாள் பாடகர் குழுத் தலைவி.

"நாலு பேர் தூக்குற நாள் வந்தா நான் கூப்பிடாமலே வருவீங்க. இப்ப ரெண்டு பேர் போதும்."

மருந்துக்கடைக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார், தன் பொறுப்பு என்று. பேங்க் மேனேஜர், இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். வீட்டுக்கே வந்து நற்கருணை அப்பம் கொடுத்த பங்குச்சாமிகூட, "பாத்துக்குவாங்கம்மா, கவலைப்படாதீங்க" என்றார். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் காலை வந்தது. கண்டக்டரம்மா நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் மணி அடித்தது. மாடிப்படியில் ஒரு காலடிச் சத்தம் இல்லை. இரண்டாம் மணியும் அடித்தது. இத்தனை நாள் ஈ மொய்த்த மாதிரி மொய்த்த கூட்டத்தில் ஒரு தலையைக் காணோம். வைக்கோல் கூடையை முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். இனிமேல் செய்கிற புண்ணியம் எதில் போய்ச் சேரும்?

அவளுக்கு அழுகை வந்தது. புருஷன் முகம் கண்முன் வந்தபோது கொஞ்சம் அழவும் செய்தாள். அப்புறம் கோபம் வந்தது. அது அழுகையைவிட உபயோகமாக இருந்தது.

தலையணை ஒன்றைப் படியில் போட்டாள். அதன் மேல் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு, ஊன்றுகோலை மடியில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒருவரைத் திட்டினாள். படிகள் நிறைய இருந்தன, ஆட்களுக்கும் பஞ்சமில்லை.

அவள் கோயிலுக்குள் நுழைந்தபோது பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. "உங்கள் அன்புப் பணிகளால் இந்தத் தொட்டி நிறைந்து வழிகிறது" என்று சாமியார் குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் இல்லை. வைக்கோல் அவ்வளவு உயரம் இருந்தது, அதன் உச்சியில் குழந்தை உருண்டு விழுகிற மாதிரி கிடந்தது.

"வழி விடுங்க, உள்ள நகருங்க!"

பஸ்ஸையே அதட்டிய குரல். மொத்தக் கோயிலும் தன்னை அறியாமல் உள்ளே நகர்ந்தது. பாடகர் குழுத் தலைவி ஓடிவந்தாள்.

"ஐயோ அக்கா! மருந்துக்கடை அண்ணன் கூட்டிட்டு வருவார்னுல்ல நெனச்சேன்!"

மருந்துக்கடைக்காரர் பேங்க் மேனேஜரைப் பார்த்தார். பேங்க் மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார்.

கண்டக்டரம்மா தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் விண்விண் என்று தெறித்தது. சாமியார் இறங்கி வந்து, "காலுக்கு அடியில வைக்க ஏதாவது கொண்டு வாங்க" என்று யாரையோ பார்த்துச் சொன்னார். வழக்கம்போல யாரும் அசையவில்லை.

"எதுக்கு சாமி தேடணும்? இங்கதான் குமிஞ்சு கிடக்கே" என்று அவள் தொட்டியைக் காட்டினாள். "இதுல முக்கால்வாசி என் கால் சம்பாதிச்சது. காலுக்கே வந்து சேரட்டும்."

சாமியார் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் நல்ல மனசுக்காரர் என்று முதலிலேயே சொன்னேன். குழந்தையைத் தூக்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் வைக்கோலை அள்ளி அள்ளி அவள் காலுக்கு அடியில் வைத்தார். கடைசித் துரும்பு வரை வைத்தார். கால் மெத்தென்று அமர்ந்தது. குழந்தையைத் திரும்பப் படுக்க வைக்கப் போனவர், வெறும் பலகையைப் பார்த்துத் தயங்கினார்.

"படுக்க வைங்க சாமி. பலகை அவருக்குப் புதுசா என்ன?"

படுக்க வைத்தார். பூசை நடந்து முடிந்தது. பாதம் முத்தி செய்ய அன்றைக்கு யாரும் வரிசையில் முந்தவில்லை. சாமியார் குழந்தையை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம்தான் முதலில் வந்தார். அவள் ஒரு முறை முத்தி செய்தாள். அவர் நகரப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க சாமி. அவர் பங்கு பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்தாள்.