கூரியர் கவுண்டரில் மூன்று டாக்

சனிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு நானும் என் தங்கை ஸ்னெஜாவும் பல்கேரியாவில் எங்கள் ஊரான யாம்போலின் கூரியர் ஆபீசுக்குள் தலைதெறிக்க ஓடிவந்தோம். ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள். மறுநாள் காலை அவளுக்கு வியன்னா பஸ், அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அதற்குள் நாங்கள் பனிக்கோட்டையின் கடைசி அரக்கனைக் கொன்றாக வேண்டும்.

சிரிக்காதீர்கள். ஏழு மாதமாக இருவரும் சேர்ந்து ஆடிய வீடியோ கேம் அது. போன தடவை வெளிநாடு போனவள் மூன்று வருஷம் ஊர்ப்பக்கமே வரவில்லை. இந்தத் தடவை எப்போது வருவாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

கேம் ஓடும் கையடக்கக் கருவியின் குட்டித் திரையில் அவளுக்கு எல்லாம் தெரியும். நாற்பதைத் தாண்டிய என் கண்ணுக்கு அரக்கன் யார், நான் யார் என்றே புரியாது. டிவியில் ஆட, கருவியைச் செருகிவைக்கும் டாக் வேண்டும். படமும் டிவிக்குப் போகும், சார்ஜும் ஏறும். எங்கள் டாக்கின் மேல் போன வாரம் ஒரு கிளாஸ் மோரைக் கவிழ்த்த புண்ணியவதி நான்தான்.

அசல் கம்பெனி டாக் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். மலிவு டாக்குகளைத் தேடினால், ஒருவன் ‘பிரமாதம்’ என்று எழுதுகிறான், அடுத்தவன் ‘என் கருவியே கருகிவிட்டது’ என்று அழுகிறான். யாரை நம்புவது? நம் ஊரில்தான் வசதி இருக்கிறதே: பார்சலை ஆபீசிலேயே பிரித்து, ஓட்டிப் பார்த்து, பிடித்தால் காசு, இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். மலிவானவற்றில் மூன்றை ஆர்டர் போட்டுவிட்டேன்.

கவுண்டரில் இருந்த கலோயான் மூன்று டப்பாக்களையும் பார்த்து வாயைப் பிளந்தான்.

“மூணையும் டெஸ்ட் பண்ணணுமா? டிவிக்கு எங்க போறது?”

“அதோ தொங்குதே.”

“அக்கா, அது விளம்பரத்துக்கு!”

“அரை மணி நேரம் விளம்பரம் ஓடலைன்னா உங்க கம்பெனி திவாலாயிடுமா? வயரை எடு.”

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கு அடுத்து நின்ற ஸ்டாமாட், வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு மிளகாய்த் தொக்கு பாட்டில்கள் அனுப்ப வந்தவர். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பொரிந்தார்.

“நாங்க எல்லாம் வேலைவெட்டி இல்லாம நிக்கிறோமா?”

“அஞ்சே நிமிஷம் பெரியவரே,” என்று புளுகினேன்.

முதல் டாக் பளபளவென்று இருந்தது. செருகியதும் சிவப்பும் நீலமுமாக மின்னியது. டிவி மட்டும் கறுப்பு.

“கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி ஜொலிக்குது, படத்தைக் காணோம்,” என்றாள் ஸ்னெஜா. “நல்லா வாங்கினே போ!”

இரண்டாவதில் படம் வந்தது. நான் துள்ளினேன். இரண்டே நிமிஷத்தில் படம் நடுங்கியது. அவள் டாக்கைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள்.

“ஐயோ, இதுல முட்டை பொரிக்கலாம்!”

மூன்றாவது சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது, விலை வெறும் முப்பத்தொன்பது லேவா. எனக்கே நம்பிக்கை இல்லை. செருகினேன். சுவர் முழுக்கப் பனிக்கோட்டை! ஓரத்தில் சார்ஜ் ஏறும் குறி, டாக் சில்லென்று இருந்தது. நான் கத்திய கத்தலில் கலோயான் ஸ்டாம்ப்பைக் கீழே போட்டான்.

“கொஞ்ச நேரம் ஓட்டினாத்தானே சூடாகுதான்னு தெரியும்,” என்று ஸ்னெஜா கண்ணடித்தாள்.

அவ்வளவுதான், அரக்கன் வந்துவிட்டான். நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். வரிசை கலைந்து டிவியின் கீழே கூடியது. “காலை வெட்டு, காலை!” என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் ஸ்டாமாட். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அரக்கனின் மீதி உயிரைக் காட்டும் கோடு நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே அடி.

ஸ்னெஜா பட்டனை அழுத்தி, கருவியை டாக்கிலிருந்து உருவிவிட்டாள். டிவி கறுத்தது.

“அடிப்பாவி!” என்றார் ஸ்டாமாட். “ஒரு அடிதானேம்மா!”

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். “பைத்தியமாடி உனக்கு?”

“ஆட்டத்தை அப்படியே தூங்க வெச்சிருக்கேன்,” என்று கருவியை என் கையில் திணித்தாள். “மிச்சத்துக்கு கிறிஸ்துமஸுக்கு வரேன். நீ சார்ஜ் தீராம பாத்துக்க. தீந்துதுன்னா முதல் வாசல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

எனக்கு அழுகை முட்டியது. ஸ்டாமாட் தன் பாட்டில் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“கடைய சாத்தணும்க்கா,” என்றான் கலோயான். “இது வேணுமா, வேணாமா?”

“வேணும்டா!” என்று காசை எண்ணாமல் வைத்தேன்.

இப்போது அந்தச் சோப்புப் பெட்டி, கருவியைச் செருகியபடி, இரவும் பகலும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு என் அலமாரியில் இருக்கிறது. யாரும் அதன் பக்கத்தில் மோர் கொண்டுபோகக் கூடாது. ஸ்னெஜா தினமும் போன் பண்ணுகிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“அரக்கன் என்ன பண்றான்?”

“தூங்குறான். நீ வந்து எழுப்பு.”