வாயைத் திற

பூர்ணிமா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவ வேண்டும். கர்ப்பமாகி ஐந்தாம் மாதத்தில், சீவி விழுந்த மண்ணில் ஒரு துணுக்கை வாயில் போட்டாள். நாக்கில் ஒட்டி மெல்லக் கரைந்தது. பிறகு தினமும் தின்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

மாதாமாதம் ரத்தம் பார்க்கும் நர்ஸ் கமலம் கேட்டாள்: "எட்டு பாயிண்ட்தான் இருக்குது. நான் குடுக்குற இரும்புச்சத்து மாத்திரைய தூக்கிப் போட்டுடுறியா?"

"இல்லீங்க, தவறாம போடுறேன்."

கமலம் நம்பவில்லை. பூர்ணிமாவின் கணவன் விருத்தகிரியிடம், அவள் மாத்திரை போடுவதைக் கவனிக்கச் சொன்னாள். அவன் லோடு ஆட்டோ ஓட்டுபவன். அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் அவனே மாத்திரையைக் கொடுத்து, "வாயத் தொற" என்று நாக்கடியிலும் பார்த்தான். அவளும் திறந்து காட்டினாள். ரத்தம் ஏறவில்லை.

எட்டாம் மாதம் பட்டறையிலேயே வலி கண்டது. கூட வேலை செய்த ஜெயஸ்ரீ ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். விருத்தகிரி ஓடி வந்தான். டாக்டரம்மா பூர்ணிமாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா?"

"நானே பக்கத்துல நின்னு குடுத்தேன் மேடம்."

டாக்டர் பூர்ணிமா பக்கம் திரும்பினார். "மண்ணு, சாம்பல் ஏதாச்சும் திங்கிறியாம்மா?"

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "மண்ணு."

"ரத்தம் கம்மியா இருந்தா அப்பிடித் தோணும். ஆனா மண்ணு தின்னா இரும்புச்சத்து ஒடம்புல சரியா சேராது. வலி சீக்கிரம் வந்தது இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. இருக்கலாம்."

குழந்தையின் நுரையீரல் வலுப்பட அவளுக்கு ஊசி போட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். விருத்தகிரி கட்டிலருகே நின்றான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீ மாத்திரையத் துப்புறேன்னு நெனச்சேன்."

"தெரியும். தினமும் வாயத் தொறந்து காட்டினேனே." அவள் குரல் உடைந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. மூச்சு நன்றாக இருந்தது. உடம்பில் சூடு மட்டும் தங்காமல் குளிர்ந்துகொண்டே போனது. தாய்க்குத் தலை சுற்றியதால், ஆஸ்பத்திரி நர்ஸ் விருத்தகிரியைக் கூப்பிட்டாள்.

"சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க. கொழந்தைய நெஞ்சோட வச்சுக்கணும், ஒங்க சூடு அதுக்கு ஏறும்."

வார்டு முழுக்கப் பெண்கள். அவன் பூர்ணிமாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.