நீக்கப்பட்ட பாஸ்வேர்டு

"அப்பா, 'ரகசியம்'னு எழுதி ஒட்டினா, அப்புறம் அது எப்படி ரகசியம்?"

மகள் எப்போதோ தன் பென்சில் டப்பாவைக் காட்டிக் கேட்டது. மென்பொருள் அலுவலகத்தில் சக ஊழியர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் அவர் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். பாஸ்வேர்டைப் புரோகிராம் கோடுக்குள் எழுதாதே, கணினியிலேயே பூட்டிய தனிப் பெட்டகத்தில் வை, செயலி வேண்டும்போது அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று காது புளிக்கச் சொல்லியதில் அவருக்குப் 'பூட்டுக்காரர்' என்றே பெயர் விழுந்திருந்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிரும்.

அந்தப் பூட்டுக்காரர்தான் ஒருநாள், மருத்துவமனைச் செயலியைச் சோதிக்கும் அவசரத்தில், நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டைக் கோடுக்குள்ளேயே எழுதினார். இப்போதைக்குத்தானே என்று தனக்குத்தானே சமாதானம். பிறகு மறந்துபோய், அந்தப் புரோகிராமை யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொதுத் தளத்தில் ஏற்றியும்விட்டார்.

மறுநாள் காலை நினைவு வந்தது. ஓடிவந்து அந்த வரியை அழித்தார். எதை மாற்றினாலும் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. ஒழுங்கான மனிதர் ஆயிற்றே! 'டேட்டாபேஸ் பாஸ்வேர்டை நீக்கினேன்' என்று எழுதிவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

திரும்பியபோது, சர்வர்களைக் கவனிக்கும் அக்கா அவருடைய நாற்காலியருகே நின்றிருந்தார்.

"தம்பி, நீ நீக்கின பாஸ்வேர்டு ரொம்ப நல்லா இருக்கு."

"ஐயோ, அதான் நீக்கிட்டேனேக்கா!"

"பழைய பதிப்பெல்லாம் தளத்துல அப்படியே இருக்குமே. வகுப்புல நீதானே சொன்னே? வர்ற திருடன் தேடி அலையக் கூடாதுன்னு பெயர்ப்பலகை வேற மாட்டி வெச்சிருக்கே!"

முகம் தெரியாத எத்தனை பேர் டாக்டரிடம் மட்டும் சொன்னதெல்லாம் அந்த டேட்டாபேஸில் இருந்தது! மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டார். கடவுளுக்கு எல்லாப் பாஸ்வேர்டும் தெரியுமாதலால் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"முதல்ல உட்காரு. பழசைச் செல்லாததாக்கிட்டேன். புதுசு பெட்டகத்துல இருக்கு. யார் யார் உள்ளே வந்தாங்கன்னு பதிவு முழுக்கப் பார்த்துட்டேன், வெளியாள் ஒருத்தரும் இல்லை."

அதற்குள் மேலாளர் மூச்சிரைக்க வந்துவிட்டார். "பாஸ்வேர்டு வெளியே போயிடுச்சாமே? யாரு அந்தப் புண்ணியவான்? இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!"

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தார்.

"என் சர்வர் சார், என் பொறுப்பு. சரி பண்ணியாச்சு."

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அக்காவை அனுப்பிவிட்டு சர்வரை யார் பார்ப்பது?

சில வாரங்கள் கழித்து, மதிய இடைவேளையில், மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வர, அக்கா போட்டது போட்டபடி ஓடினார். அவர் திரையில் பெட்டகம் திறந்தே கிடந்தது. யார் திரை திறந்து கிடக்கிறதென்று மேசை மேசையாகப் பார்க்கும் பாதுகாப்புச் சோதனைக்காரர்கள் அடுத்த மாடிவரை வந்திருந்தார்கள். திறந்த பெட்டகத்தைப் பார்த்தால் இந்த முறை அக்காவே தப்ப முடியாது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பூட்டுக்காரர் அக்காவின் மேசைக்குப் போனார். ஒரு எழுத்துகூடக் கண்ணில் பட்டுவிடாதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் துழாவி, முதலில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, பிறகு ஒருவழியாகச் கீபோர்டில் சரியான பட்டன்களைப் பிடித்துத் திரையைப் பூட்டினார். சிந்திய தண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். ஈரக் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலச் சாப்பிடப் போனார்.