மிச்சம் சபையின் பாற்பற்கள்

கமலேஸ்வரி ஞானஸ்நானம் பெற்ற சில வாரங்களில் அவளுடைய பற்கள் எல்லாம் கொட்டி, அந்த இடத்தில் பாற்பற்கள் முளைத்தன. அப்போது அவளுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், ட்ராம் பாதைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடும் தமிழ்ச் சபையில் இது எல்லோருக்கும் நடப்பதுதான் என்பதால் யாரும் பதறவில்லை. மறுபடி பிறந்தவர்களுக்குப் புதுப் பல் வருவதில் என்ன அதிசயம் என்று பாஸ்டர் பாலேந்திரா கேட்டார். அவருடைய வாயிலும் பச்சரிசி போலச் சின்னப் பற்கள்தான். அந்தப் பகுதிப் பல் வைத்தியர் ஆரம்பத்தில் திகைத்துப்போனாலும், பிறகு வந்த தமிழர்கள் பலருடைய வாயும் அப்படியே இருக்கக் கண்டு, இது அவர்களுடைய சாப்பாட்டுப் பழக்கமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, இனிப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். ஒரேயொரு விஷயத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தங்கள் பிள்ளைகளுக்குப் பாற்பல் விழுந்தால் பிள்ளை வளருகிறது என்று சந்தோஷப்பட்ட அதே தாய்மார், சபையில் தங்கள் பல் லேசாக அசைந்தாலும் விசுவாசம் குறைந்துவிட்டதென்று பயந்து உபவாசம் இருந்தார்கள். ஆகவே அந்தச் சபையில் ஒருவருக்கும் பாற்பல் விழுந்ததே இல்லை.

கமலேஸ்வரியும் அவள் கணவன் குலசேகரமும் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தவர்கள். மிச்சத்தில் ஒரு மூலைக்கடை வைத்திருந்தார்கள். பாண், பால், சிகரெட், வெள்ளிக்கிழமைகளில் முருங்கைக்காய். குலசேகரம் நெற்றியில் திருநீறு இல்லாமல் கடை திறக்காத மனிதர். மனைவி சபைக்குப் போவதை அவர் தடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை. அவளுடைய புதுப் பற்களைப் பார்த்து, சிரிக்கும்போது வடிவாகத்தான் இருக்கிறது, எலும்புக் கறியை இனி நான் தனியத் தின்ன வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னார். அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். அதுவரை யாரும் அவளை ஒரு கூட்டத்தின் முன்னால் எழுப்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை.

அந்தச் சபையில் முன்சாட்சி என்றொரு வழக்கம் இருந்தது. ஒன்று வேண்டுமென்றால் அதைக் கடவுளிடம் கேட்கக்கூடாது. அது கிடைத்துவிட்டது என்று எல்லோர் முன்னிலையிலும் ஒலிவாங்கியைப் பிடித்துச் சாட்சி சொல்லி, நன்றிச் சாப்பாடும் கொடுத்துவிட வேண்டும். விசா வருவதற்கு முன்னே விசா வந்துவிட்டது, கட்டி கரைவதற்கு முன்னே கரைந்துவிட்டது. சாட்சி சொன்ன பிறகு அதையே திரும்பக் கேட்டால் அது அவிசுவாசம். சிலருக்கு நடந்தது. நடக்காதவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாடு எப்போதும் இடியப்பமும் சொதியும்தான், பாற்பல்லுக்கு அதுதான் தோது. அதைச் சமைப்பவள் எமில்டா. மன்னார்ப் பக்கத்துப் பெண், பிரான்ஸ் வழியாக வந்தவள், தன் மகன் லக்‌ஷனை வன்னியில் உறவினரிடம் விட்டுவிட்டு வந்தவள். அவளும் மகன் வந்துவிட்டதாக ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாசியில், கமலேஸ்வரியின் தம்பி சுஜீத் போருக்குத் தப்பிப் புதுக்குடியிருப்பிலிருந்து சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டான் என்று தகவல் வந்தது. அவளுக்கு இருந்த ஒரே சகோதரம் அவன்தான். அந்த ஞாயிறு அவள் ஒலிவாங்கியைப் பிடித்து, தம்பி பத்திரமாக வெளியே வந்துவிட்டான் என்று சாட்சி சொன்னாள். சபை கைதட்டியது. எமில்டா கூடுதலாக ஒரு சட்டி சொதி வைத்தாள். அடுத்த நாளிலிருந்து சுஜீத்துக்காக ஜெபிப்பதை எல்லோரும் நிறுத்தினார்கள், அவன்தான் வந்துவிட்டானே. சித்திரையில் லண்டன் தமிழர்கள் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவும் பகலும் குந்தியிருந்தபோது, ஒரு மணி நேரம்கூடக் கடை பூட்டி அறியாத குலசேகரம் மத்தியானமே கதவை இழுத்து மூடிவிட்டு அங்கே போனார். அவளையும் கூப்பிட்டார். அவள் போகவில்லை. போவது அவிசுவாசம் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது, அதை அவள் நம்பினாள். தொலைக்காட்சியில் செய்தி போனால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலை அவள் கடையில் பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. யாரோ ஒருவருடைய சட்டலைட் போனில், வரிசையில் நின்று, சுஜீத் பேசினான்.

“அக்கா, பங்கருக்குள்ள இருக்கிறம். சாப்பாடு இல்லை. பக்கத்து பங்கர் நேற்று முடிஞ்சுது. உங்கட ஆண்டவரிட்டக் கேளுங்கோ அக்கா, எங்களை வெளியில எடுத்துவிடச் சொல்லி.”

“நீ வெளியில வந்திட்டாய் தம்பி. விசுவாசி. நீ வந்திட்டாய்.”



“அக்கா, நான் இஞ்சதான் இருக்கிறன்” என்றான் அவன். அதோடு லைன் அறுந்தது.

உறுதியாக நின்றுவிட்டோம் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு மணி நேரம் நின்றது என்று பிறகு அவளே சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு, கேட்க வேண்டும் போல வாய் துடித்தது. கேட்டால் சாட்சி கெட்டுவிடும், சாட்சி கெட்டால் தம்பி வரமாட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அப்படியே வைகாசி வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் முழுக்கச் சொன்னார்கள். ஆனியில், இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் எப்படியோ தொடர்பெடுத்தார். அந்த அழைப்புக்கு அடுத்த கிழமையே செல் குண்டு விழுந்து சுஜீத் இறந்ததாகவும், தூக்கிப்போக நேரமில்லாமல் அவனை அந்தப் பங்கருக்குள்ளேயே வைத்து மண் தள்ளி மூடிவிட்டு ஓடியதாகவும் சொன்னார். அவர் மன்னிப்பும் கேட்டார்.

பாஸ்டர் பாலேந்திரா வீட்டுக்கு வந்து அவளோடு சேர்ந்து அழுதார். அது நடிப்பில்லை. அழுது முடித்துவிட்டு, “சகோதரி, தம்பி இன்னும் பெரிய விடுதலைக்குள்ள போயிருக்கிறார். உங்கட சாட்சி பொய்யாகேல்லை. வாற ஞாயிறு அப்பிடியே எழும்பிச் சொல்லுங்கோ, மற்றவையும் பலப்படுவினம்” என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிறு அவள் எழும்பினாள். ஒலிவாங்கியை வழக்கத்தைவிடக் கிட்டப் பிடித்தாள். “என்ர தம்பி வெளியில வரேல்லை. மாசியில நான் இந்த இடத்தில நிண்டு சொன்னது பொய். அவன் என்னட்டக் கேட்டவன், ஆண்டவரிட்டக் கேளுங்கோ எண்டு. நான் கேக்கேல்லை. ஒருநாள்கூடக் கேக்கேல்லை” என்றாள். கீபோர்ட் வாசிப்பவர், சாட்சி முடிந்ததும் வாசிக்கும் மெட்டைப் பழக்கதோஷத்தில் தொடங்கிவிட்டுப் பாதியில் கையை எடுத்தார். அந்த அமைதியில் அவளுடைய முன்பல் ஒன்று கழன்று ஒலிவாங்கியில் பட்டு விழுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. இருக்கைக்குத் திரும்பி வருவதற்குள் மற்றவையும் விழுந்தன. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகவே இருந்தன, அவளால் இடியப்பத்தைக்கூட மெல்ல முடியவில்லை.

ஆடியும் ஆவணியும் அவள் பொக்கை வாயோடு கடையில் நின்றாள். வாடிக்கைக்காரர்கள் இரண்டு நாள் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். குலசேகரம் காலையில் கஞ்சி காய்ச்சி, மத்தியானம் சோற்றைக் குழையப் பிசைந்து, முன்னால் வைத்துவிட்டுப் போவார். எதையும் சொல்லிக்காட்டவில்லை. ஒருமுறை மட்டும், அவள் சபைக்கு வெளிக்கிடும்போது, “இஞ்சை பாரும், உம்மட ஆண்டவர் உமக்கு என்னத்தைச் செய்தவர்?” என்று கேட்டார்.

“ஒண்டும் செய்யேல்லை.”

“பிறகேன் போறீர்?”

“கோவிக்கிறதெண்டாலும் அவரோடதானே கோவிக்க வேணும்” என்றாள் அவள்.

போய்க் கடைசி வரிசையில், பிள்ளைகள் உடற்பயிற்சிக்கு ஏறும் மரச் சட்டங்களுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். மற்றவர்கள் கண்ணை மூடும்போது அவள் மூடுவதில்லை. சித்திரையில் கேட்டிருக்க வேண்டியதை ஐப்பசியில் கேட்டாள். தம்பியை வெளியில் எடுத்துவிடும் என்று கேட்டாள், மண்ணுக்குள் இருக்கிறவனுக்காக, அது நடக்காது என்று தெரிந்துகொண்டே, அவன் கேட்கச் சொன்னான் என்பதற்காகக் கேட்டாள். பதில் எதுவும் வரவில்லை. இப்படிப்பட்ட கதைகளைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் ஒரு கனவையோ, ஒரு வெளிச்சத்தையோ வைப்பார்கள். மிச்சத்தில் அந்தக் கிழமை மழை பெய்தது, ட்ராம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். அவள் அடுத்த ஞாயிறும் போனாள். இன்னது தா என்று கேட்பது கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமிருந்து போய்விட்டது. நான் இஞ்சதான் இருக்கிறன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் பழகினாள்.

கார்த்திகையில் காய்ச்சலோடு பல் முரசு வீங்கி, பெரியவர்களின் பற்கள் முளைத்தன. மஞ்சளாகவும் கோணலாகவும் இருந்தன, முன்னிரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குலசேகரம் ஆட்டிறைச்சி வாங்கிவந்து கறி வைத்து, எலும்புத் துண்டுகளை அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். அவள் அழுதுகொண்டே கடித்துத் தின்றாள். சபையில் அந்தப் பற்களைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாஸ்டர் மட்டும் அடிக்கடி பார்த்தார். அந்த நாட்களில் அவர் பிரசங்கத்துக்கு நடுவில் நாக்கால் எதையோ அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுவதைக் கவனித்தவர்கள் இருந்தார்கள்.

மார்கழி பிறக்கும்போது முகாம் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். சனங்கள் பையும் பாயுமாக வெளியே வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் எமில்டா தொலைபேசியில் விசாரித்தாள். ஒருவருக்கும் லக்‌ஷனைத் தெரியவில்லை. போரின் கடைசி நாளன்று இராணுவத்திடம் கையை உயர்த்திக்கொண்டு போனவர்களின் வரிசையில் அவனைக் கண்டதாக ஒரு பெண் மட்டும் சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அந்த ஞாயிறு எமில்டா சொதி வைக்கவில்லை. அந்தச் சபையின் வரலாற்றில் முதன்முறையாகச் சனங்கள் பிஸ்கட் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கதிரைகளை அடுக்கும் நேரத்தில் அவள் கடைசி வரிசைக்கு வந்து கமலேஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அவன் வருவான் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ.”

“சொல்லமாட்டன்.”

“அவன் இல்லை எண்டும் சொல்லாதேங்கோ.”

“எனக்குத் தெரியாது எமில்டா.”

“என்னோட இருந்து ஒருக்கா கேளுங்கோ.”

இருவரும் கேட்டார்கள். கமலேஸ்வரி லக்‌ஷனின் பெயரைச் சொல்லி, அவன் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது என்று சொன்னாள்.  அப்படியே நெடுநேரம் இருந்தார்கள். எமில்டாவின் மடியில் முதல் பல் விழுந்தது, பிறகு மற்றவை நிலத்தில் விழுந்து கதிரைகளுக்கு அடியில் ஓடின. மண்டபத்தைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பாடசாலையின் விதி. கமலேஸ்வரி தும்புத்தடியால் பற்களைக் கூட்டி ஒதுக்க, எமில்டா வாயைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் தட்டைப் பிடித்தாள். பாஸ்டர் பாலேந்திரா மண்டபத்தைப் பூட்டுவதற்குத் திறப்புக்கோர்வையோடு கதவடியில் நின்றார். அவர் அவசரப்படுத்தவில்லை.

“நோகுமோ அக்கா?” என்று எமில்டா கேட்டாள்.

“ஓம்.”

“புதுப் பல்லு வந்த பிறகு?”

“பிறகும் நோகும். ஆனா சாப்பிட ஏலும்” என்றாள் கமலேஸ்வரி. தட்டைக் குப்பைவாளியில் கொட்டிவிட்டு, விளக்குகளை அணைத்துக்கொண்டு, இருவரும் ட்ராமுக்கு நடந்தார்கள்.