ஆத்திமரத்து வைரவர்

அந்த வருசம் கச்சான் காற்று வெருகல் பக்கத்துப் புல்லையெல்லாம் வறுத்துப்போட்டது. இலங்கைத்துறையில் மாடு வாய் வைக்கப் பச்சையாய் மிஞ்சியது ஒழுங்கை முடக்கில் நின்ற ஆத்திமரம் ஒன்றுதான். அது ஒருவருடைய மரமும் இல்லை. ஆகவே எல்லாரும் கொக்கத்தடியோடு வந்தார்கள். அதிலும் அடுத்த வளவு ஞானமணி குழையைக் கொப்போடு முறித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

முத்தனுக்கு வயிறு எரிந்தது. அவனுடைய பசு சிவப்பி புதிதாய்க் கன்று போட்டிருந்தாள். தீனி இல்லாமல் பால் வற்றி, கன்று வெறுங்காம்பைச் சப்பிக்கொண்டு நின்றது. ஊர் எழும்ப முதல் போய், வீடு கட்டி மிஞ்சிய கம்பியைச் சூலமாய் வளைத்து மரத்தடியில் நட்டான். பெண்சாதி தங்கரத்தினத்தின் சிவப்புச் சட்டையைக் கிழித்து அதில் கட்டி, திருநீறும் பூசிவிட்டான். வைரவர் இருக்கிற மரத்தில் எவன் கத்தி வைப்பான்?

ஒருவனும் வைக்கவில்லை. ஆனால் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுக் கற்பூரத்தோடு வந்தார்கள். ஞானமணி வடைமாலை கொண்டுவந்து சாத்தினாள். முத்தன் கொக்கத்தடியோடு எட்டிப்பார்த்த நேரமெல்லாம் யாராவது கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். போதாததற்கு வைரவருக்குப் பொங்கலிட அரிசியும் கேட்டார்கள். அந்த மூதேவியும் கொடுத்தான்.

பொங்கலன்று காலை கன்று எழும்ப ஏலாமல் படுத்துவிட்டது. முத்தனுக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு, கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றான்.

"இது வைரவரும் இல்லை, ஒண்டும் இல்லை. நான்தான் கம்பிய நட்டனான். என்ர மாட்டுக்குக் குழை வேணும்."

"ஓம், நீங்கதான் நட்டனீங்க," என்று ஞானமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உங்களக் கொண்டு நட வைச்சது ஆர்? அவர்தானே!"

சனம் அவன் காலில் விழாத குறை.

"டேய்!"

தங்கரத்தினம்தான். கொண்டையை அவிழ்த்துவிட்டு, சாமி வந்தவளாய் ஆடினாள். கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிசி.

"வாயில்லாச் சீவன் பட்டினி கிடக்க எனக்கு என்னடா பொங்கல்? எல்லா மாட்டுக்கும் குழை வெட்டுங்கடா! நட்டவனே ஏறி வெட்டட்டும்!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

முத்தன் ஏறினான். மரம் முழுக்க முசுறு எறும்பு. வேட்டிக்குள் புகுந்து கண்ட இடத்திலும் கடித்தது. சொறிய ஒரு கை, வெட்ட ஒரு கை என்று ஊர் மாட்டுக்கெல்லாம் வெட்டிப்போட்டான். கீழே ஞானமணி முதல் ஆளாய்ப் பாய்ந்து குழைக்கட்டை அள்ளினாள்.

"வையடி!" என்று வைரவர் உறுமினார். "முதல் கட்டு சிவப்பிக்கு!"

வைரவருக்கு மாட்டின் பெயர் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞானமணி குழையைத் தலையில் வைத்துக்கொண்டு முத்தனின் மாட்டுப் பட்டிக்கு ஓடினாள். முத்தன் கத்தியைக் கொப்பில் கொத்திவிட்டு, முசுறு கடிக்கக் கடிக்க, கீழே ஆடிக்கொண்டிருந்த பெண்சாதியை மனசாரக் கும்பிட்டான்.