பார்க்காமல் நீளும் கை

பத்து வருடத்துக்கு முன்பு கொராலியும் ஜெரெமியும் ஐஸில் சறுக்கி ஆடியதை நடனம் என்று சொன்னால் நடனத்துக்கே அவமானம். மாண்ட்ரியலில் ஊரே வீடு மாற்றும் ஜூலை ஒன்றாம் தேதியன்று ஆட்கள் வளைந்த மாடிப்படியில் ஃப்ரிட்ஜை இறக்குவார்களே, அப்படித்தான் ஜெரெமி அவளைத் தூக்கிக்கொண்டு போவான். அதே ஊர் ஐஸ் தளத்தில், அதே பயிற்சியாளர் ஜினெத்திடம் பழகிய மரிலூவும் லொயிக்கும் அப்போதே நடுவர்களின் செல்லப்பிள்ளைகள். பத்தொன்பது வயது, நிஜத்திலும் காதலர்கள். ஒருவரையொருவர் பார்த்தாலே மதிப்பெண் கொட்டியது.

அந்தப் பார்வையை வைத்தே இத்தனை வருடம் ஓட்டினார்கள். மற்ற ஜோடியோ வருடத்துக்கு ஒன்று கற்றது. ஒரு வருடம் இசைக்குக் காத்திருக்கப் பழகினார்கள். அடுத்த வருடம் சும்மா நிற்கவும் தெரிந்துகொண்டார்கள், இந்த ஆட்டத்தில் அதுதான் கஷ்டம். யார் சொல்லிக் கொடுத்தது என்றால், பாதிக்கு மேல் மரிலூதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யா என்ன?

ஜினெத் வைத்த வழக்கம் அது. வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு ஜோடியும் முழு நடனத்தையும் ஆட வேண்டும். முடிந்ததும் போட்டி ஜோடி ஒரு குறையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "அழகா இருந்துச்சு" என்று சொன்னவர்களை ஜினெத் அன்றைக்கு ஐஸில் ஏற விடமாட்டாள்.

ஜனவரியின் முதல் வெள்ளி. தேசியப் போட்டிக்கு இன்னும் எட்டு நாள். உலகப் போட்டிக்குக் கனடாவுக்கு இரண்டே இடம். ஒன்று போன வருட சாம்பியன்களுக்கு என்பது ஊரறிந்த விஷயம். மிச்சம் ஒன்று இந்த இரண்டு ஜோடிகளில் ஒன்றுக்கு. கிடைக்காவிட்டால் தீயணைப்புப் பயிற்சியில் சேர்ந்துவிடுவதாக லொயிக் விண்ணப்பமே போட்டிருந்தான். மரிலூவுக்கு ஏழு வயதிலிருந்து ஐஸைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

கொராலியும் ஜெரெமியும் ஆடி முடித்தார்கள். பிரியும் இருவரின் கதை. கடைசியில் இருவரும் கண்கலங்கி ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள்.

"சொல்லுடி, இந்த வாரம் எங்கள என்ன கிழிக்கப்போற?" மூச்சு வாங்கக் கேட்டாள் கொராலி.

"முடிவு பொய்யா இருக்கு," என்றாள் மரிலூ. "பிரிஞ்சவங்க இப்படி அழுதுக்கிட்டு நிக்கமாட்டாங்க. மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டாங்க. ஆனா பழக்கதோஷத்துல கை தானா நீளும். அவளும் பாக்காமலே பிடிச்சுப்பா. அவ்வளவுதான்."

லொயிக் குனிந்து, இறுக்கமாகவே இருந்த ஷூ நாடாவை மறுபடி அவிழ்த்துக் கட்டினான். ஏப்ரலில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெர்டன் பக்கம் தனி வீடு போய்விட்டதை அந்தத் தளத்தில் அறியாதவர் இல்லை. பிரிவைப் பற்றி ஆடலாம் என்று இலையுதிர்காலத்தில் மரிலூதான் முதலில் கேட்டாள். "அத ஐஸ்ல ஆடிட்டா நெசமாயிடும், வேணாம்," என்று அவன் மறுத்துவிட்டான். அதனால் மறுபடியும் ஒரு காதல் கதை.

அன்று அதை இவர்கள் ஆடிக் காட்டியபோது ஜெரெமி தயங்கித் தயங்கிச் சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்பப் பாத்துக்கறீங்க. கண்ணு டாக்டர்கிட்ட எழுத்துப் பலகையப் பாக்கற மாதிரி இருக்கு."

மரிலூவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏப்ரலிலிருந்தே அப்படித்தான். கால் விரல் குளிரில் மரத்துப்போனால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம், அவளுக்கு நெஞ்சே அப்படி ஆகியிருந்தது.

போட்டியன்று மரிலூவும் லொயிக்கும் ஒரு பிழையும் இல்லாமல் ஆடினார்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓரத்தில் இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, அடுத்து வந்த கொராலியையும் ஜெரெமியையும் கவனித்தார்கள்.

இசை நின்றது. ஜெரெமி வேறெங்கோ பார்த்தபடி கையைப் பின்னால் நீட்டினான். கொராலியும் வேறெங்கோ பார்த்தபடி அதைப் பிடித்தாள். அரங்கம் மொத்தமாக எழுந்தது.

"அது நீ சொன்னதுதானே?" என்றான் லொயிக், மதிப்பெண் பலகையையே பார்த்துக்கொண்டு.

"ஆமா."

"அவங்களுக்கு ஏன் குடுத்த?"

"உனக்குத்தான் முதல்ல குடுத்தேன். நீ வேணாம்ன."

மதிப்பெண் வந்தது. பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று வித்தியாசத்தில் அந்த இடம் போய்விட்டது. இவர்களுக்கு மூன்றாவது பரிசு. ஜினெத் வந்து இருவர் தோளிலும் கை வைத்தாள். "நல்லா ஆடுனீங்க," என்றாள். வெள்ளிக்கிழமையானால் அவளே அதை அனுமதித்திருக்க மாட்டாள். அழுகை வருமா என்று மரிலூ சற்று நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை.

பதக்கத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள். ஐஸ் வாசலில் நின்று மரிலூ ஷூவின் பிளேடு உறைகளைக் கழற்றினாள். லொயிக் முன்னால் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினான். பதினைந்து வருடமாக அவள் உறைகளை வாங்கித் தடுப்புச் சுவர் மேல் வைப்பது அவன்தான். அவளும் பார்க்காமலே அவன் கையில் வைத்தாள்.

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. லொயிக்கின் கை அப்படியே நின்றது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். நடுவர்களுக்காக அல்லாத பார்வை, இத்தனை மாதத்தில் முதல் முறை.

மரிலூ ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ," என்றாள். "கூப்பிடறாங்க."